417-ஆம் எண் பெட்டியில் யார் போனார்கள்?

6 செப்டம்பர் 2016

ஞாயிற்றுக்கிழமை ஓடிய 35-ஆம் எண் பேருந்தை நிறுத்தியதற்காக இன்றும் ஒன்பது கடிதங்கள். நிறுத்தியது கவுன்சில். கால அட்டவணை போடுகிறவள் நான் என்பதால் வசவு மட்டும் என் மேசைக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்தால் கதவடியில் ஒரு கனமான உறை. பாரம்பரிய நிதிக்குழுவில் பொதுமக்கள் சார்பில் உறுப்பினராகி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை நான் பார்த்து அறிக்கை எழுதியது ஒரு தேவாலயக் கூரை, ஒரு கலங்கரை விளக்கம். இந்த முறை ரயில். போர்ட்ஃபாரன் ரயில் சங்கம் ஆறு லட்சம் பவுண்டு கேட்கிறது. 1952-இல் இந்த வடக்குக் கரையிலிருந்து மீன் பெண்களை ஏற்றிப்போன ரயிலை அப்படியே மறுபடி ஓட வைக்கப் போகிறார்களாம். ஹெரிங் மீன் கூட்டம் தெற்கே போகப் போக, அதன் பின்னாலேயே யார்மத் துறைமுகம் வரை போய், மீனைக் கீறி, உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கிய பெண்கள்.

நான் நேரில் பார்த்துவிட்டு, பொதுப்பணம் தரலாமா கூடாதா என்று எழுத வேண்டும்.

விண்ணப்பம் தொண்ணூற்று நான்கு பக்கம். அதில் எஞ்சினுக்கு அறுபத்தொன்று. பெண்கள் நான்கு பக்கத்தில் வருகிறார்கள். அந்த நான்கில் ஒன்று அட்டைப்படம்.

10 செப்டம்பர்

போர்ட்ஃபாரன் போனேன். பழைய சரக்குக் கொட்டகையில்தான் சங்கம். எட்டு ஆண்கள், ஒரு பெண். எல்லோர் கையிலும் கறுப்பு மசகு.

சங்கத் தலைவர் ஃபார்க்கர் லோபன். எழுபது வயது, முன்னாள் ரயில்வே ஃபிட்டர். கை கொடுப்பதற்கு முன்பே கேட்டார்:

"நீங்கதான் பஸ் டிபார்ட்மென்ட் அம்மாவா? எங்க லைனைக் கொன்னதே உங்க பஸ்தான், தெரியுமா?"

"அப்போ நான் பள்ளிக்கூடம்கூடப் போகலீங்க" என்றேன்.

"சரி, அப்ப மன்னிச்சு விட்டுடறேன். டீ சாப்பிடுங்க."

எஞ்சினைக் காட்டினார். ஒரு மணி நேரம் காட்டினார். அந்த மனிதர் கொதிகலனைத் தட்டிப் பார்க்கும் விதம், குழந்தையின் வயிற்றைத் தட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பதினோரு வருட உழைப்பு. எனக்கு ரயில் பைத்தியம் கிடையாது, ஆனால் ஒரு காரியத்தை இவ்வளவு தெரிந்தவர் பேசினால் எனக்குக் கால் வலிப்பதில்லை.

பிறகு 417-ஆம் எண் பெட்டி. பாதி பழுப்பு வண்ணம், பாதி வெறும் மரம். விண்ணப்பத்தின்படி இதுதான் அந்த மீன் பெண்களை இங்கிருந்து அபர்டீன் வரை கொண்டுபோன மூன்றாம் வகுப்புப் பெட்டி. உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே பெட்டி.

உள்ளே இருந்தவர் இஷ்பெல் பிரீ, அந்த ஒரே பெண். ஊரில் சோபா, நாற்காலி தைத்துக் கொடுப்பவர். இங்கே இருக்கை வேலை அவருடையது. வாய் நிறைய ஆணி. "இதுலதான் அந்தப் பெண்கள் போனாங்களா?" என்று கேட்டேன். வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அவரைக் கேளுங்க" என்று ஃபார்க்கர் இருந்த பக்கம் தலையை ஆட்டினார்.

11 செப்டம்பர்

ஆணி எடுக்க அவ்வளவு நேரம் எதற்கு?

20 செப்டம்பர்

நிதிக்குழு அலுவலகத்தில் லக்லனிடம் தொலைபேசியில் பேசினேன். விதிகளெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ரோனா, ஒண்ணே ஒண்ணுதான். நாம மிச்சமிருக்கிற பழசைக் காப்பாத்தத்தான் காசு தர்றோம். புதுசா நகல் செஞ்சா தர மாட்டோம். எஞ்சின் வேற ஊர்லேருந்து வந்தது, அது கணக்குல வராது. அந்த 417 அசல்ங்கிறதாலதான் இந்த விண்ணப்பமே உயிரோட இருக்கு."

"அது அசல் இல்லைன்னா?"

"அப்படி ஏன் கேக்கறீங்க?"

ஏன் கேட்டேன்? சும்மாதான். ஆர்வம். அம்மா இதைத்தான் என் பெரிய குறை என்பாள்.

1 அக்டோபர்

விண்ணப்பத்தின் அட்டைப்படத்தில் மூன்று பெண்கள். கத்தி படாமலிருக்க விரலெல்லாம் துணி சுற்றி, மீன் தொட்டிக்கு முன்னால் நின்று சிரிக்கிறார்கள். படத்துக்குக் கீழே பெயர் இல்லை. துறைமுகத்துக் கடையில் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "நடுவுல நிக்கறது வில்லமீனா. மேட்டுத் தெருவுல இருக்கா. உயிரோடதான். போய்ப் பாருங்க, திட்டுவா."

வில்லமீனா கௌவி. எண்பத்தொன்று. கதவைத் திறந்ததுமே, "ரயில் சங்கத்து ஆளா? உங்க நன்கொடைச் சீட்டு வாங்க எங்கிட்ட காசு இல்ல" என்றார்.

இல்லை என்று விளக்கிய பிறகு உள்ளே விட்டார். புகையிட்ட மீனும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் கொடுத்தார். பதினேழு வயதில் முதல் பயணம். அதற்குப் பிறகு நான்கு பருவம். சங்கத்திலிருந்து யாராவது வந்து பேசினார்களா என்று கேட்டேன்.

"படம் கேட்டு ஒருத்தன் வந்தான். குடுத்தேன். எஞ்சின் நம்பர் ஞாபகம் இருக்கான்னு கேட்டான். ஏம்மா, நான் எஞ்சினைக் கண்ணாலயே பாத்ததில்ல! அது முன்னாடி இருந்துச்சு, எங்களைப் பின்னாடி போட்டாங்க."

ரொம்ப நேரம் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"கஷ்டமா இருந்துச்சா?"

"குளிரு. நாத்தம். திரும்பி வர்றப்போ எங்க மேலேயே நாத்தம், அடுத்த ஊர்ல ஏற வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வேற அறைக்குப் போயிடுவாங்க. எங்களுக்கு நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கேட்டுக்கோ. வீட்டுல எனக்குக் கீழ ஆறு பேரு. அந்த ரயில்ல உக்காந்திருக்கிற நேரம் மட்டும்தான் யாருக்கும் நான் சோறு போட வேண்டாம்."

ஒருமுறை பனியில் வண்டி நாலு மணி நேரம் நடுவழியில் நின்றதாம். ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர். "வாளிதான். வெக்கமெல்லாம் முதல் ஒரு மணி நேரம். அப்புறம் பாட்டு."

"நடைபாதை வழியாப் போய், வண்டிக் கடைசியில கழிப்பறை..."

"எந்த நடைபாதை?"

கைபேசியில் எடுத்திருந்த 417-இன் படத்தைக் காட்டினேன். மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது என்ன துரைமார் பெட்டியா? எங்க பெட்டியில அறைக்கு அறை கதவு. ஏறுனா அடைச்சுடுவான், அடுத்த ஸ்டேஷன்லதான் திறக்கும். உள்ளேயே நடந்து போற வழி இருந்திருந்தா, ஏம்மா, அந்த வாளி எதுக்கு?"

8 அக்டோபர்

ஒரு வாரமாக அந்த வாளிதான் மண்டையில். எண்பத்தொரு வயது ஞாபகத்தை நம்பலாமா? பன்னிரண்டு பேரையும் அந்த நாற்றத்தையும் மறக்காதவர், கதவை மட்டும் மறந்திருப்பாரா?

இஷ்பெல்லின் கடைக்குப் போனேன். நாற்காலி ஒன்று கால் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. நான் கேட்கவே இல்லை. வில்லமீனா சொன்னதை மட்டும் சொன்னேன். இஷ்பெல் கடைக் கதவைச் சாத்திவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே கையகலத் துணி. அடர்நீலம், ஓரத்தில் தங்க இழை.

"இருக்கைக்குக் கீழ, பழைய ஆணியில சிக்கியிருந்தது. ரெண்டு வருஷமாச்சு. மூணாம் வகுப்புல யாரு தங்க இழை போட்டுத் தைப்பாங்க? கதவைச் சுரண்டுனேன், பெயின்டுக்கு அடியில முதல் வகுப்புன்னு எழுத்து. இது வேட்டைக்கு வர்ற பணக்காரங்க போன பெட்டி."

"ஃபார்க்கருக்குத் தெரியுமா?"

"காட்டுனேன். பாத்தார். 'அதை விடு இஷ்பெல்'னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. பத்து மாசமா அந்தாளு மனைவி படுக்கையில இருந்த நேரம். நானும் விட்டுட்டேன். என் தப்புதான்."

"இப்ப ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"நீதான் வந்து கேட்ட முதல் ஆள்."

9 அக்டோபர்

சே. நல்ல மனுஷன்னு நினைச்சேனே. நல்ல மனுஷன்தான். அப்புறம் ஏன்? எனக்கு இது வேணுமா? பேசாம பஸ் டைம் போட்டுக்கிட்டு இருந்திருக்கலாம். நான் சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போவுது? வில்லமீனாவுக்குத் தெரியும். அவங்களை ஏத்திக்கிட்டுப் போய் அந்தத் துரைமார் சீட்டுல உக்கார வெச்சு, "உங்க பெட்டி"ன்னு சொல்லுவாங்க. கைதட்டுவாங்க.

முடியாது.

15 அக்டோபர்

அறிக்கை எழுதும் முன் அவர் தரப்பைக் கேட்பதுதான் முறை. கொட்டகையில் ஃபார்க்கர் தனியாக இருந்தார். துணித்துண்டைப் பற்றிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மசகுத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எஞ்சினுக்குன்னு கேட்டா எவனும் தரமாட்டான். எழுதிப் பாத்துட்டேன், மூணு தடவை. பெண்கள், உழைப்பு, மீன்னு எழுதினா லெட்டருக்கு பதில் வருது. நான் என்ன செய்யட்டும்?"

"உண்மையான மூணாம் வகுப்புப் பெட்டி ஒண்ணைத் தேடியிருக்கலாமே?"

"இல்ல."

"தேடிப் பாத்தீங்களா?"

"இல்லன்னு எனக்குத் தெரியும்." கொட்டகைக்கு வெளியே, புல் மண்டிய இடத்தைக் காட்டினார். "அங்கதான். லைனை மூடுன வருஷம், எனக்குப் பதினேழு வயசு. இருபத்தெட்டுப் பெட்டி வரிசையா நிப்பாட்டி வெச்சிருந்தாங்க. மரத்தைப் பிரிச்சா கூலி அதிகம், கொளுத்துனா மிச்சம் இரும்பு கிடைக்கும். முதல் வகுப்பு ரெண்டை மட்டும் ஒருத்தர் தோட்ட வீட்டுக்குன்னு வாங்கிட்டுப் போனார். அதுல ஒண்ணுதான் இது. மத்ததையெல்லாம் நான்தான் கொளுத்துனேன். எனக்குத்தான் அந்த வேலை குடுத்தாங்க. உள்ள வைக்கோல் போட்டு, ஒவ்வொண்ணா."

இது பொய் சொன்னதற்குச் சாக்கா? இல்லை, அவர் சாக்காகச் சொல்லவில்லை.

"அறிக்கையில எழுதத்தான் வேணும்" என்றேன்.

"எழுதுங்க. டீ வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குடித்திருக்கலாம்.

27 அக்டோபர்

அறிக்கை முடிந்தது. நாலு பக்கம். முதல் வரி: "இந்த விண்ணப்பத்தை நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன்." அதை எழுதக் கஷ்டமாக இல்லை. கடைசிப் பத்திதான் மூன்று நாள் எடுத்தது. துரைமார் பெட்டியை யாரோ விலை கொடுத்து வாங்கிப் போனார்கள், அதனால் அது இருக்கிறது. மீன் பெண்களின் பெட்டியைக் கேட்டு வர ஆள் இல்லை, அதனால் அது இல்லை. மிச்சமிருப்பதற்கு மட்டுமே பணம் என்று நாம் விதி வைத்தால், அன்று யாரைக் காப்பாற்றினார்களோ அவர்களையே இன்றும் காப்பாற்றிக்கொண்டிருப்போம். அந்தச் சங்கம் பொய் சொன்னது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம்.

இதை நிதிக்குழு அறிக்கையில் எழுதலாமா? எழுதிவிட்டேன்.

10 நவம்பர்

கூட்டம். எட்டுப் பேர். போர்ட்ஃபாரன் ரயில் நான்காவது விஷயம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நிராகரிப்பு, ஒருமனதாக. என் கையும் உயர்ந்தது.

கடைசிப் பத்தியைத் தலைவர் உரக்கப் படித்தார். ஓர் உறுப்பினர், அருங்காட்சியகத்துக்காரர், சொன்னார்: "நகலுக்கெல்லாம் காசு கொடுக்க ஆரம்பிச்சா, நாளைக்கு ஊருக்கு ஊர் பொம்மை ரயில் விடுவாங்க." நியாயமான பேச்சு. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆதாரம் இருக்க வேண்டும், அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் சரிபார்க்க வேண்டும், நகல் என்று வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும், அப்படிப்பட்டதை மட்டும் பரிசீலிக்கலாமே என்றேன். லக்லன் தலையைத் தூக்காமல் குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டால் அது எங்கேயாவது போய்ச் சேரும்.

19 நவம்பர்

இறைச்சிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "பஸ்ஸையும் நிறுத்தியாச்சு, ரயிலையும் நிறுத்தியாச்சு. அடுத்து நாங்க நடக்கறதை எப்பம்மா நிறுத்தப் போற?" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்த பிறகு.

4 பிப்ரவரி 2017

சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. எஞ்சினைத் தெற்கே ஒரு பெரிய சங்கம் வாங்கிக்கொண்டது. இன்று லாரியில் ஏற்றினார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன்.

ஃபார்க்கர் என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல நின்றார். பிறகு அவரே பக்கத்தில் வந்து நின்றார். லாரி வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வந்தது கேள்விதான். ரொம்ப நாளாக மனதில் கிடந்தது.

"அந்த மூணாம் வகுப்பு இருக்கை, எவ்வளவு அகலம்?"

"பதினேழு அங்குலம்." யோசிக்கவே இல்லை. "முதுகுப் பலகை நிமிர்ந்து நிக்கும், சாயவே விடாது. தலைக்கு மேல வலை இல்ல, மரச்சட்டம். கதவுக் கைப்பிடி பித்தளை இல்ல, வார்ப்பிரும்பு. குளிர்காலத்துல தொட்டா ஒட்டும்."

"எப்படித் தெரியும்?"

"கொளுத்தறதுக்கு முன்னாடி கண்ணாடியும் கைப்பிடியும் கழட்டணுமே. இருபத்தாறு பெட்டி. ஒவ்வொரு அறையா ஏறி இறங்கியிருக்கேன்."

சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும்: அந்தப் பெட்டியை இவர் ஞாபகத்திலிருந்தே புதிதாகச் செய்துவிடலாம்.

"இஷ்பெல் என்கூடப் பேசுவாளா?" என்று கேட்டார்.

12 மார்ச்

பேசினாள். முதல் பத்து நிமிடம் திட்டினாளாம்.

15 ஜூன்

லக்லன் அழைத்தார். விதியில் ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. என் கடைசிப் பத்தி அளவுக்கு அழகாக இல்லை, ஆனால் வேலைக்கு ஆகும். இஷ்பெல் பெயரில் புது விண்ணப்பம் வந்திருக்கிறதாம். எஞ்சின் இல்லை. புதிதாகச் செய்யும் ஒரே ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி, 'நகல்' என்று கதவிலேயே எழுதி. கேட்டது முன்பு கேட்டதில் ஆறில் ஒரு பங்கு. வரைபடம் ஃபார்க்கர் லோபன். சரிபார்ப்பவர் வில்லமீனா கௌவி.

"நீங்களே மறுபடி மதிப்பிடறீங்களா?" என்றார்.

முடியாது என்றேன். போன மாதம் முழுக்க நான்தான் ஃபார்க்கருக்காகப் பழைய பட்டறைக் குறிப்புகளைத் தேடி ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி நான் நடுவர் இல்லை. அதையே கடிதமாக எழுதி, குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். வருத்தமாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

7 செப்டம்பர்

பணம் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வாக்குக்கு இரண்டு. அருங்காட்சியகத்துக்காரர் எதிர்த்து வாக்களித்தாராம். அவர் எதிர்த்ததும் நல்லதுதான்; இனி ஒவ்வொரு ஆணிக்கும் ஆதாரம் காட்டுவோம்.

16 ஜூன் 2018

மாதிரிக்குச் செய்த இருக்கையில் வில்லமீனாவை உட்கார வைத்தோம். "ரொம்ப சுகமா இருக்கு, தப்பு" என்றார். இஷ்பெல் அடியிலிருந்து பஞ்சைப் பாதி உருவினாள். "இன்னும் சுகமா இருக்கு." மீண்டும் உருவினாள். "ஆங். இப்ப முதுகு வலிக்குது. இதான்."

ஃபார்க்கருக்கு வாழ்நாள் விருது கிடைத்ததுபோல முகம்.

22 செப்டம்பர் 2018

இன்று முதல் ஓட்டம். சங்கம் சீர்செய்து வைத்திருந்த தண்டவாளத்தில் இரண்டு மைல் போய், இரண்டு மைல் வர வேண்டும். இரவல் வாங்கிய சிறிய டீசல் எஞ்சின் இழுத்தது. அது கண்ணுக்கு ஒன்றும் லட்சணமாக இல்லை. ஒருவரும் கவலைப்படவில்லை, நாங்கள் பின்னால்தானே இருந்தோம்.

துறைமுகத்து மீன் தொழிற்சாலைப் பெண்களை இஷ்பெல் அழைத்திருந்தாள். காலை ஷிப்டு முடிந்து, ரப்பர் பூட்ஸை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஐந்து பேர் லாட்வியாக்காரிகள், இரண்டு பேர் பல்கேரியா. அறைக்குள் ஏறியதும் மீன் வாடை. ஒருத்தி சங்கடப்பட்டு ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"விடும்மா" என்றார் வில்லமீனா. "இது இல்லாமதான் இவ்வளவு நாளா ஏதோ குறையுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பன்னிரண்டு பேர் ஏறியதும், இரும்புக் கைப்பிடியை வெளியிலிருந்து அழுத்திக் கதவைச் சாத்தினார்கள். ஃபார்க்கர் எதிரே, முழங்கால் முழங்காலோடு முட்ட உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்ததும் அவர் கண் பலகைகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. எதுவும் கிறீச்சிடவில்லை.

முதல் அரை மைலுக்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் – இல்ஸே, முப்பது வயது இருக்கும், அதிகாலை நான்கு மணியிலிருந்து மீன் கீறியவள் – தூங்கிவிட்டாள். சாயவே விடாத அந்த முதுகுப் பலகையில் நிமிர்ந்தபடி கொஞ்ச நேரம், அப்புறம் தலை மெதுவாகச் சரிந்து ஃபார்க்கரின் தோளில். விரல்களில் பிளாஸ்டர். அவர் கல்லாகிவிட்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

போய்த் திரும்பி நிலையத்துக்கு வந்தோம். வெளியே பத்திரிகைக்காரர் காத்திருந்தார். கவுன்சிலருக்காக அலங்கரித்த மேடை. இல்ஸேயின் தோழி அவளை எழுப்பக் கையை நீட்டினாள்.

"தொடாதே!" வில்லமீனாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் தோழியின் கை நின்றுவிட்டது.

ஃபார்க்கர் தோளை அசைக்காமல், கழுத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே நின்றவர் கதவுக் கைப்பிடியில் கை வைத்திருந்தார்.

"திறக்காத" என்றார். "டிரைவர்கிட்ட சொல்லு, இன்னொரு தடவை போயிட்டு வரணும்னு."

"ஃபார்க்கர், கவுன்சிலர் நிக்கறார்!"

"நிக்கட்டும்."

வண்டி மறுபடி நகர்ந்தது. அந்தப் பெண் விழிக்கும்வரை மொத்தம் மூன்று முறை போய் வந்தோம்.